அறுபதைக் கடந்தபின் மாஸ்டர் கார்டனர் பயிற்சியில் சேரலாமா?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

தஞ்சை மாவட்டத்தில் கூட்டுறவு வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, இப்போது கிரீன் கார்டு பெற்று, வட கரோலினாவின் மோரிஸ்வில்லில் மகள் குடும்பத்தோடு வசித்து வருகிறேன். வயது 64. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய இடத்தில் வெண்டை, கத்தரி, பாகல், அவரை, தக்காளி போட்டிருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கு நெல்லும் உளுந்தும் விளையும் நிலம் இருந்ததால் சிறு வயது முதலே மண்ணோடு பழக்கம் உண்டு.

அண்மையில் இங்குள்ள உழவர் சந்தை ஒன்றில் மேசை போட்டு அமர்ந்திருந்த சிலரைக் கண்டேன். மக்கள் பையில் போட்டுக் கொண்டுவந்த இலைகளையும் பூச்சிகளையும் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, கையோடு வைத்திருந்த கையேட்டைப் புரட்டி, பொறுமையாக விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். விசாரித்தபோது, அவர்கள் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பணியின்கீழ் ‘மாஸ்டர் கார்டனர்’ பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் என்றும், ஊதியம் ஏதும் பெறுவதில்லை என்றும் தெரிந்தது. பெரும்பாலோர் என் வயதை ஒத்தவர்கள். அன்று முதல் எனக்கும் அந்தப் பயிற்சியில் சேர வேண்டும் என்ற எண்ணம் வலுத்துவிட்டது.

ஆனால் சில தயக்கங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் படிக்கவும் எழுதவும் முடியும். இங்குள்ளவர்களோடு தொலைபேசியில் விரைந்து பேச வேண்டுமென்றால் தடுமாறுவேன். கார் ஓட்டுவதில்லை. முழங்கால் வலியால் நெடுநேரம் குத்துக்காலிட்டு வேலை செய்ய இயலாது. எல்லாவற்றையும் விட, நம் ஊரில் கற்ற அனுபவத்துக்கு இந்தப் பயிற்சியில் ஏதேனும் மதிப்பு இருக்கிறதா, அல்லது அனைத்தையும் முதலிலிருந்து கற்க வேண்டுமா என்பது புரியவில்லை. இந்தப் பயிற்சியை முடித்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், அதில் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை விரிவாகச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செம்பருத்தி எழுதியது:

வணக்கம் ஐயா. நான் உங்களுக்கு அருகில்தான் இருக்கிறேன். வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றபின் இப்பயிற்சியை முடித்து, இப்போது கவுண்டியின் (நம் ஊர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தோட்ட உதவித் தொலைபேசியில் பணியாற்றி வருகிறேன். உங்கள் வயது இதற்குத் தடையே அல்ல. இந்த ஏற்பாடு முழுவதும் ஓய்வு பெற்றவர்களின் நேரத்தையும் பொறுமையையும் நம்பித்தான் நடக்கிறது என்றுகூடச் சொல்லலாம்.

இது எதற்காகத் தோன்றியது என்பதை அறிந்துகொண்டால் உங்கள் மற்ற தயக்கங்களுக்கும் பாதி விடை கிடைத்துவிடும். 1914ஆம் ஆண்டின் ஸ்மித்-லீவர் சட்டத்தின்படி, ஒவ்வொரு மாநிலத்திலும் உள்ள லேண்ட் கிராண்ட் பல்கலைக்கழகங்களின் (அரசு வழங்கிய நிலத்தின் உதவியோடு வேளாண் கல்விக்காக உருவானவை) ஆய்வு முடிவுகளை உழவர்களிடமும் குடும்பங்களிடமும் கொண்டுசேர்க்க விரிவாக்கப் பணி ஏற்படுத்தப்பட்டது. நம் மாநிலத்தில் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழகமும் சேர்ந்து இதை நடத்துகின்றன. 100 கவுண்டிகளிலும் அலுவலகம் உண்டு. நகரங்கள் பெருகி, வீட்டுத் தோட்டம் போடுவோரின் கேள்விகள் குவியத் தொடங்கியபோது, விரிவாக்க அலுவலர்களால் உழவர்களையும் கவனித்து இவர்களுக்கும் பதில் சொல்ல முடியவில்லை. அந்த நெருக்கடியில்தான் வாஷிங்டன் மாநிலத்தில் டேவிட் கிப்பி முதலான அலுவலர்கள், ஆர்வமுள்ள பொதுமக்களுக்கே பயிற்சி கொடுத்து அவர்களைக் கொண்டு மக்களுக்குப் பதில் சொல்லச் செய்யலாம் என்று முடிவெடுத்து, 1973இல் கிங், பியர்ஸ் ஆகிய கவுண்டிகளில் முதல் வகுப்பை நடத்தினார்கள். அங்கிருந்து நாடு முழுவதும் பரவி, கனடாவுக்கும் சென்றது.

ஆகவே இதை அழகான தோட்டம் அமைக்கும் கலைக்கான படிப்பாக எண்ண வேண்டாம். மற்றவர்களின் கேள்விகளுக்கு, ஆய்வில் நிறுவப்பட்ட விடையைத் தேடிக் கொடுப்பதற்கான பயிற்சி இது. நம் மாநிலத்தில் பொதுவாகக் குறைந்தது 40 மணி நேர வகுப்பும், அதைத் தொடர்ந்து 40 மணி நேரப் பயிற்சிச் சேவையும் உண்டு. அதன்பின் ஆண்டுதோறும் 20 மணி நேரச் சேவையும் 10 மணி நேரத் தொடர்கல்வியும் நிறைவு செய்தால் தகுதி தொடரும். மண், செடியின் உடலியல், பூச்சிகள், நோய்கள், களைகள், புல்வெளி, மரங்கள், காய்கறிகள், நோயறிதல் என்று பாடங்கள் விரியும். கட்டணமும் வகுப்பு நடக்கும் முறையும் கவுண்டிக்குக் கவுண்டி வேறுபடும்.

நம் ஊர் அனுபவத்துக்கு மதிப்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு, ஆனால் நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அல்ல. ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். கடந்த கோடையில் நம்மவர் குடும்பம் ஒன்று, தக்காளியும் அவரையும் வைரஸ் நோயால் சுருண்டுவிட்டன, என்ன மருந்து அடிப்பது என்று கேட்டு அலுவலகத்துக்கு வந்தது. கொண்டுவந்த தக்காளிக் கொழுந்தைப் பார்த்தேன். அடியிலைகள் பெரும்பாலும் இயல்பாக இருக்க, புதிதாக விட்ட இலைகள் கிண்ணம்போல் குவிந்து, நுனிகள் முறுக்கிக்கொண்டு, சில இடங்களில் இலைப்பரப்பே இல்லாமல் நரம்பு மட்டும் நீண்டிருந்தது. அதே பாத்தியில் வேறென்ன இருக்கிறது என்று கேட்டேன். மக்காச்சோளம் இருப்பதாகவும், அது செழிப்பாக வளர்வதாகவும் சொன்னார்கள். எருவைப் பற்றிக் கேட்டபோது, ஒரு குதிரைப் பண்ணையிலிருந்து மக்கிய எருவை ஏராளமாகக் கொண்டுவந்து போட்டதாகச் சொன்னார்கள்.

விடை அங்கேதான் இருந்தது. இந்நாட்டில் கால்நடைகளின் உலர்தீவனத்துக்காகப் புல் வளர்க்கும் வயல்களில் அகன்ற இலைக் களைகளை ஒழிக்க அமினோபைராலிட், குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகளைத் தெளிப்பது வழக்கம். புல்லுக்கு அவற்றால் தீங்கில்லை. அந்தப் புல்லைத் தின்னும் குதிரையின் குடலிலும் அவை சிதைவதில்லை. எரு மக்கிய பிறகும் நெடுங்காலம் நீடித்திருந்து, தக்காளி, அவரை, கத்தரி ஆகியவற்றைக் குறிப்பாகத் தாக்கும். மக்காச்சோளம் புல் வகையைச் சேர்ந்ததால் தப்பித்துக்கொண்டது. அவர்கள் மருந்து வாங்கி அடித்திருந்தால் பணமும் வீண், பயனும் இல்லை. எருவைப் போடுவதற்கு முன் சோதிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்தோம்: எருவையும் தொட்டி மண்ணையும் கலந்து சில தொட்டிகளிலும், எரு கலக்காத மண்ணை வேறு சில தொட்டிகளிலும் நிரப்பி, இரண்டிலும் பீன்ஸ் விதைத்து, இரண்டு மூன்று வாரம் இலைகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எருத் தொட்டியில் மட்டும் இலை சுருண்டால் அந்த எருவைத் தோட்டத்தில் சேர்க்கக் கூடாது.

மாட்டெருவும் குதிரையெருவும் மண்ணுக்கு நல்லது என்று தலைமுறைகளாக நாம் அறிந்தது பொய்யன்று. ஆனால் அந்த அறிவு உருவான நிலத்தில் இந்தக் களைக்கொல்லி இருக்கவில்லை. உங்களைப் போன்றவர்களிடம் உள்ள அரிய செல்வம், இலையின் நிறம் ஒரு சாயல் மாறினாலும் உடனே கண்டுபிடிக்கும் கண். அந்தக் கண்ணோடு இந்த மண்ணைப் பற்றிய அறிவும் சேர்ந்தால், இரண்டில் ஒன்று மட்டும் உள்ளவர்களை விட நீங்கள் சிறப்பாகப் பணியாற்றுவீர்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

மண்ணைப் பற்றியும் ஒரு சொல். நம் ஊரில் களர் நிலத்தைத் திருத்த ஜிப்சம் இடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்குள்ள செம்மண் களி பெரும்பாலும் அமிலத் தன்மை கொண்டது. காய்கறிகளுக்குக் கார அமில நிலை (pH) 6.0 முதல் 6.5 வரை வர வேண்டுமென்றால் பல இடங்களில் சுண்ணாம்பு இட வேண்டியிருக்கும். எவ்வளவு என்பதை மண் பரிசோதனை இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது. உதவித் தொலைபேசியில் நான் அதிகம் சொல்லும் பதிலே அதுதான்.

பனைநிழல் எழுதியது:

வணக்கம். நான் டெக்சாஸில், ஹூஸ்டனை அடுத்த சுகர்லேண்டில் இருக்கிறேன். பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் மாநிலத்தில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் அக்ரிலைஃப் விரிவாக்கப் பணி இதை நடத்துகிறது. குறைந்தது 50 மணி நேர வகுப்பும், ஓராண்டுக்குள் 50 மணி நேரச் சேவையும் முடிக்க வேண்டும். கலிபோர்னியாவில் முதலாண்டு 50 மணி நேரமும், அதன்பின் ஆண்டுக்கு 25 மணி நேரச் சேவையும் 12 மணி நேரத் தொடர்கல்வியும் என்று அங்கு இருக்கும் என் தங்கை சொல்லியிருக்கிறாள். மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், இங்கு மற்றவர்கள் சொல்லும் எண்ணிக்கையை வைத்துத் திட்டமிடாமல் உங்கள் கவுண்டி அலுவலகத்திடமே கேட்டறிவது நல்லது.

அம்மா அவர்கள் எழுதியதோடு நான் சேர்க்க விரும்புவது, நம் சமூகத்துக்கு நம்மால் மட்டுமே செய்யக்கூடிய ஒரு பணியைப் பற்றியது. கறிவேப்பிலைச் செடியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தமிழ்க் குடும்பம் வீடு மாறினாலும், வேறு மாநிலத்தில் உள்ள பிள்ளையைப் பார்க்கப் போனாலும், ஒரு கன்றைத் தொட்டியோடு காரில் வைத்து எடுத்துச் செல்வது மிக இயல்பாக நடக்கிறது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் சிட்ரஸ் கிரீனிங் என்னும் நோயைப் பரப்புவது ஆசிய சிட்ரஸ் சில்லிட் என்ற மிகச் சிறிய பூச்சி. அந்தப் பூச்சி முட்டையிட விரும்பும் செடிகளில் கறிவேப்பிலையும் ஒன்று. இளந்தளிரின் மடிப்புகளில் மஞ்சள் நிற முட்டைகளை இடும். குஞ்சுகள் வெண்மையான மெழுகுச் சுருள்களை வெளியேற்றும். வளர்ந்த பூச்சி தலையைத் தாழ்த்தி உடலைச் சாய்வாகத் தூக்கிக்கொண்டு இலையில் அமர்ந்திருக்கும். கறிவேப்பிலை பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். பூச்சி மட்டும் அதில் பெருகும்.

புளோரிடாவில் இந்நோய் 2005இல் கண்டறியப்பட்டபின் அங்கு ஆரஞ்சு விளைச்சல் பேரளவில் வீழ்ந்துவிட்டது. டெக்சாஸிலும் கலிபோர்னியாவிலும் 2012இல் கண்டறியப்பட்டது. அதனால்தான் இந்நோயோ பூச்சியோ பரவாமல் தடுக்கத் தனிமைப்படுத்தப்பட்ட பகுதிகளிலிருந்து கறிவேப்பிலைக் கன்றை வெளியே கொண்டுசெல்லத் தடை உண்டு. ஊரிலிருந்து பெட்டியில் கறிவேப்பிலை கொண்டுவந்தால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்வதற்கும் இதுவே காரணம். இந்த விதியை வெறும் கெடுபிடியாகவே நம்மவர் பலர் பார்க்கிறார்கள். கோயில் வளாகத்தில் ஒருமுறை மேசை போட்டு, தளிரை உருப்பெருக்கியின் கீழ் வைத்து அந்தக் குஞ்சுகளைக் காட்டித் தமிழில் விளக்கினேன். அதுவரை விதியை ஏற்காதவர்கள்கூட, தங்கள் வீட்டுச் செடியைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஆங்கிலத் துண்டறிக்கை எத்தனை கொடுத்தாலும் அந்தப் பயன் கிடைத்திருக்காது. உங்கள் ஆங்கிலத்தைப் பற்றிக் கவலைப்படும்போது, உங்கள் தமிழ் எத்தனை பேருக்குத் தேவைப்படுகிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள் ஐயா.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2021 பிப்ரவரியில் டெக்சாஸைத் தாக்கிய கடுங்குளிரில் இங்கு முருங்கையும் மாவும் கறிவேப்பிலையும் கருகின. அந்த வாரம் முழுவதும் வந்த கேள்வி, உடனே வெட்டி எறியலாமா என்பதுதான். நகத்தால் பட்டையை மெல்லச் சுரண்டி, உள்ளே பச்சை தெரிகிறதா என்று மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டே வாருங்கள், வசந்தத்தில் துளிர் விடும்வரை பொறுங்கள் என்று சொன்னோம். பொறுத்திருந்த பலர் வீட்டில் முருங்கை அடியிலிருந்து மீண்டும் துளிர்த்தது.

காவிரிக்கரை எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. எருவைப் பற்றி அம்மா எழுதியது எனக்கு முற்றிலும் புதிய செய்தி. இந்த இலையுதிர் காலத்தில் ஒரு பண்ணையிலிருந்து எரு வாங்கத்தான் பேசி வைத்திருந்தேன். பீன்ஸ் சோதனையைச் செய்யாமல் இனி வாங்குவதில்லை.

இரண்டு நடைமுறைக் கேள்விகள் எஞ்சியிருக்கின்றன. பல கவுண்டிகளில் வகுப்புகள் ஜனவரியில் தொடங்கி வசந்தம் வரை நடக்கும் என்று மகள் பார்த்துச் சொன்னாள். நானும் என் மனைவியும் குளிருக்கு அஞ்சி டிசம்பரில் ஊருக்குப் போய் மார்ச்சில் திரும்புவது வழக்கம். அப்படிப்பட்டவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்? மேலும், வேப்பெண்ணெய்க் கரைசல், பஞ்சகவ்யம், மோர்க் கரைசல் போன்றவற்றை நான் நம்பிப் பயன்படுத்துகிறேன். தன்னார்வலராக இருந்துகொண்டு இவற்றை மற்றவர்களுக்குப் பரிந்துரைக்க அனுமதி உண்டா?

வயல்வரப்பு எழுதியது:

வணக்கம். தமிழ்நாட்டில் வேளாண்மைத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்று, இப்போது நியூ ஜெர்சியில் மகனோடு இருக்கிறேன். இங்கு ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் பயிற்சியை முடித்தவன். முன்னர் எழுதிய இருவரும் ஊக்கமூட்டி எழுதிவிட்டதால், முடிவெடுக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டிய மறுபக்கத்தை நான் எழுதுகிறேன்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, அனுமதி இல்லை என்பதே. தன்னார்வலராகப் பேசும்போது நீங்கள் பல்கலைக்கழகத்தின் குரலாகப் பேசுகிறீர்கள். அதனால் அது வெளியிட்ட பரிந்துரைகளுக்கு உட்பட்டே விடை சொல்ல வேண்டும். வேம்பிலிருந்து எடுத்த அசாடிராக்டின் கொண்ட மருந்துகள் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் பதிவு பெற்று இங்கு விற்பனையில் இருக்கின்றன. அவற்றை, மருந்துப் புட்டியில் ஒட்டியுள்ள சீட்டில் குறித்துள்ள பயிருக்கும் அளவுக்கும் உட்பட்டு எடுத்துச் சொல்லலாம். பூச்சிமருந்துச் சீட்டில் எழுதியுள்ளதற்கு இந்நாட்டில் சட்டத்தின் வலிமை உண்டு. வீட்டில் தயாரித்த கரைசல் எதுவாக இருந்தாலும் அதைப் பரிந்துரைக்கக் கூடாது. உங்கள் தோட்டத்தில் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பது வேறு. நாற்பது ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு, தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல் நிறுத்திக்கொள்வது எளிதன்று. பயிற்சியில் சேர்ந்த நம்மவர்கள் மனம் சோர்ந்து விலகுவதற்கு இதுவே முதற்காரணமாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுப்பாடு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஒரே கேள்விக்கு ஆளுக்கொரு விடை சொன்னால் மக்கள் யாரை நம்புவார்கள்?

அடுத்து, சொந்தத் தோட்டத்தை மேம்படுத்துவது மட்டுமே உங்கள் நோக்கமானால் இப்பயிற்சி அவசியமில்லை. உங்கள் மாநிலத்தின் தோட்டக்கலைக் கையேடு முழுவதையும் இணையத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். கேள்வி இருந்தால் உதவித் தொலைபேசி இருக்கிறது. பயிற்சியில் சேர்ந்தவரின் நேரத்தில் பெரும்பகுதி மற்றவர்களின் புல்வெளிக்கும் மரத்துக்கும் போகும். அவரையும் பாகலும் அங்கே அரிதாகத்தான் பேச்சில் வரும். செய்த சேவையை மணிக்கணக்காகப் பதிவு செய்யும் வேலையும் உண்டு. இந்தப் பட்டத்தைச் சொல்லித் தனிப்பட்ட வணிகம் செய்யவோ, ஒரு பொருளுக்கு விளம்பரமாக நிற்கவோ கூடாது.

இருந்தும் நான் ஏன் தொடர்கிறேன் என்றால், வேளாண் துறையில் இருந்தபோதும் காணாத சில காரணங்களை இங்கு வந்தபின்தான் புரிந்துகொண்டேன். அவரையையே சொல்கிறேன். ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதை இங்கே ஆளுயரம் தாண்டிப் படர்கிறது, ஆனால் ஆகஸ்டு முடியும்வரை பூ இல்லை என்று நம்மவர் எல்லோரும் குறைபடுகிறார்கள். உரம் போதவில்லை என்று மேலும் உரம் இடுகிறார்கள். பாரம்பரிய அவரை, பகல் பொழுது குறுகும்போதுதான் பூக்கும். சென்னையில் ஜூன் மாதத்தின் நீண்ட பகலே 13 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. உங்கள் ராலே வட்டாரத்தில் அது 14½ மணி நேரம், இங்கே 15 மணி நேரம். ஆடிப்பட்டம் தேடி விதைத்த பயிர் தையில் காய்த்ததற்கும் அந்தப் பகல்தான் கணக்கு. எனவே இங்கே செய்யக்கூடியது உரம் கூட்டுவதன்று. பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரை இரகங்களைத் தேர்ந்தெடுப்பது. உங்கள் ஊரில் முதல் உறைபனிக்கு அக்டோபர் கடைசியோ நவம்பர் தொடக்கமோ ஆகும் என்பதால் கொடி அவரையிலும் ஓரளவு காய் பறிக்கலாம். எங்களுக்கு அக்டோபரிலேயே பனி வந்து கொடியைப் பூவோடு கருக்கிவிடும். இதை இரண்டு மூன்று குடும்பங்களுக்கு விளக்கிச் சொன்னபின், அவர்கள் உரத்தைக் குறைத்து இரகத்தை மாற்றினார்கள். அந்த மனநிறைவுக்காகத்தான் தொடர்கிறேன்.

செம்பருத்தி எழுதியது:

வேளாண் அலுவலர் ஐயா எழுதிய கட்டுப்பாட்டை நானும் வழிமொழிகிறேன். உதவித் தொலைபேசியில் தெரியாத கேள்வி வந்தால், பெயரையும் எண்ணையும் குறித்துக்கொண்டு, தேடிப் பார்த்துப் பின்னர் அழைப்பதுதான் எங்கள் வழக்கம். காவிரிக்கரை ஐயாவின் ஆங்கிலத் தயக்கத்துக்கும் அதுவே வழி. யாரும் விரைவான பதிலை எதிர்பார்ப்பதில்லை. மேலும், இப்போது பெரும்பாலான கேள்விகள் ஒளிப்படத்தோடு மின்னஞ்சலில் வருகின்றன. எழுத்தில் நிதானமாகப் பதில் சொல்லும் வேலையை நீங்கள் கேட்டுப் பெறலாம்.

ஊர்ப் பயணத்தைப் பொறுத்தவரை, எல்லாக் கவுண்டிகளும் ஒரே பருவத்தில் வகுப்பு நடத்துவதில்லை. சில இடங்களில் இலையுதிர் காலத்தில் நடக்கும், சில இடங்களில் பெரும்பகுதி இணைய வழியே நடக்கும். ஆண்டுதோறும் புதிய வகுப்பு தொடங்காத கவுண்டிகளும் உண்டு. இணைய வகுப்பென்றாலும் ஊரிலிருந்து நள்ளிரவில் கண்விழித்துப் படிப்பதை விட, பயிற்சி நடக்கும் ஓர் ஆண்டு மட்டும் பயணத்தைத் தள்ளி வைப்பது நல்லது என்பது என் கருத்து. அதன்பின் ஆண்டுச் சேவையை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை முடித்துவிட்டுத் தாராளமாகப் போய் வரலாம். கேள்விகள் குவிவதும் அந்த மாதங்களில்தான்.

விண்ணப்பத்தோடு பின்னணிச் சரிபார்ப்பும், பல இடங்களில் ஒரு நேர்காணலும் இருக்கும். நேர்காணலில் உங்கள் தோட்டத்தைப் பற்றிக் கேட்பதை விட, மக்களோடு பேசிப் பழகிய அனுபவத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்பார்கள். கூட்டுறவு வங்கியில் உழவர்களுக்குக் கடன் விதிகளைப் பொறுமையாக விளக்கிய ஆண்டுகளைத் தயங்காமல் சொல்லுங்கள். அதைவிடப் பொருத்தமான தகுதி வேறில்லை. கார் ஓட்டாததையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரே பகுதியில் இருப்பவர்கள் சேர்ந்து போவது இங்கு வழக்கம். மோரிஸ்வில் பக்கமாக வரும் நாட்களில் நானே அழைத்துச் செல்ல முடியும்.

முழங்காலைப் பற்றிக் கவலை வேண்டாம். மேசைப்பணி, மின்னஞ்சல், பள்ளிகளில் பேசுவது எல்லாமே சேவைக் கணக்கில் சேரும். செயல்விளக்கத் தோட்டத்தில் வேலை செய்ய விரும்பினால், இடுப்புயரத்தில் அமைத்த பாத்திகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போவதற்குமுன் மூன்று மூன்று இலைகளாக வளரும் பாய்சன் ஐவி கொடியை மட்டும் நன்றாக அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்; நம் ஊரில் இல்லாத செடி என்பதால் நம்மவர்கள் வெறுங்கையால் பிடுங்கிவிடுகிறார்கள், பிறகு கைமுழுவதும் கொப்புளமாகி வாரக்கணக்கில் அரிப்போடு அவதிப்படுகிறார்கள். புல்வெளியிலும் மரத்தடியிலும் வேலை முடிந்து வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று உடலைப் பார்த்துக்கொள்வதும் இங்கே கட்டாயம். இந்த மாநிலத்தில் மிகுதியாக உள்ள லோன் ஸ்டார் உண்ணி கடித்தால், சிலருக்கு ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி உண்டபின் ஒவ்வாமை வருகிறது.

விண்ணப்பம் திறக்கும்வரை காத்திருக்காமல் இப்போதே செய்யக்கூடியது மண் பரிசோதனை. கவுண்டி அலுவலகத்தில் சிறிய அட்டைப் பெட்டியை இலவசமாகக் கொடுப்பார்கள். பாத்தியில் பல இடங்களில் ஆறு முதல் எட்டு அங்குல ஆழம்வரை மண் எடுத்து, பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பெட்டியில் நிரப்புங்கள். துத்தநாகப் பூச்சுள்ள இரும்பு வாளியில் கலந்தால் அறிக்கையில் துத்தநாக அளவு தவறாகக் காட்டும். ராலேயில் உள்ள மாநில வேளாண் துறை ஆய்வகத்தில் ஏப்ரல் முதல் நவம்பர் வரை கட்டணம் இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை ஒரு மாதிரிக்கு 4 டாலர். அறிக்கை வந்ததும் இங்கே பகிர்ந்தால், சுண்ணாம்பு எவ்வளவு, எப்போது இடுவது என்பதைச் சேர்ந்து பார்க்கலாம். சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்யச் சில மாதங்கள் ஆகும் என்பதால், தக்காளி நடுவதற்கு முந்தைய இலையுதிர் காலத்திலேயே இட்டுவிடுவது நல்லது.